உம் கொட்ட ஒரு ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பாட்டி கதை சொல்ல உட்காரும்போது ஒரே ஒரு நிபந்தனை வைப்பார். "உம் கொட்டணும். உம் நின்னா கதையும் நின்னுடும்." அடுப்படியில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போவோம். கடைசிவரை உம் கொட்டுகிற பிள்ளைக்குத்தான் கதையின் முடிவு கிடைக்கும். மற்றவர்கள் மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் பின்னாலேயே அலைவோம், "அப்புறம் என்னாச்சு?" என்று.

இன்று வானொலியில் பேசுகிறேன். நீங்கள் கொட்டும் உம் எனக்குக் கேட்காது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஏதோ ஒரு லைன் வீட்டில், ஏதோ ஒரு டீக்கடையில் யாரோ கொட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போய் அங்கே வாழ்ந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஏழு பேரும் அடக்கம். 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் நீலகிரியின் பந்தலூர் பக்கம் வந்து சேர்ந்தோம். எங்களைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இங்கே இருந்தன. இன்று டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்று சொல்கிறோமே, அதுதான்.

காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான். மீதி எல்லாம் பாட்டி சொன்னது.

மலையகத்திலிருந்து எங்களை ஏற்றி வந்த ரயிலுக்கு ஒப்பாரி கோச்சி என்று பெயர். கோச்சி என்றால் அங்கே ரயில். ஏறியவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். ரயில் நகர்ந்த பிறகும் பக்கத்துக் காம்பராக்காரி பாட்டியின் கையை விடவில்லையாம். காம்பரா என்றால் லைன் வீட்டு அறை. நடைமேடை முடியும் வரை கூடவே ஓடி வந்தாராம். எனக்கு அப்போது 7 வயது. ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன் என்கிறார்கள், எனக்கு எதுவுமே நினைவில்லை. ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும். அதில் கிடந்த பச்சைக் கண்ணாடி வளையல்களைத் தெரியும். பாட்டி சொல்லிச் சொல்லி அது என் நினைவாகவே ஆகிவிட்டது.

பாட்டி சொன்னவற்றில் பொய்யும் உண்டு, அதாவது பிறர் சொன்ன பொய். அந்தக் காலத்தில் ஊர்களுக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணிகள், "தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்" என்று ஆசை காட்டினார்களாம். மாசி என்றால் மாசிக் கருவாடு. பஞ்சத்தில் கிடந்த ஜனங்கள் அதை நம்பிப் புறப்பட்டார்கள். அதற்கும் முந்திய தலைமுறைகள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் நடந்தே போனார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலில் விழுந்தார்கள். ஒரு கதையை நம்பிப் போய் உயிரை விட்டவர்களின் கதையைப் பாட்டி எங்களுக்குச் சொன்னார். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, யாராவது வந்து "அங்கே வேலை, இங்கே பணம்" என்று இனிக்க இனிக்கப் பேசினால் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கும். எங்கள் லைனில் அப்படி யோசித்துத் தப்பித்த பெண்கள் இருக்கிறார்கள்.

கதை என்றால் ராஜா ராணி மட்டும்தான் என்று நினைக்கிறோம். பந்தலூர் பக்கம் பலா பழுக்கிற மாதங்களில் யானை வாசலுக்கே வரும். யானைகள் நடமாடும் பகுதி என்று வனத்துறை பலகை வைத்திருக்கிறது. தினம் அதைக் கடந்துதான் போகிறோம், யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் காலையில் கொழுந்து எடுக்கப் போகுமுன் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறீர்களா? நேற்று எந்த வளைவில் நின்றது, யார் முதலில் பார்த்தார், சாணத்தில் ஆவி பறந்ததா, எந்தப் பக்கம் ஓடினார்கள்... சொல்கிறவர் கையை ஆட்டி, குரலை இறக்கிச் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளை பிறகு அந்த வளைவில் தனியாக நடக்காது.

இந்த மலையில் எங்களுக்கு வெகு முன்பிருந்தே வாழ்கிறவர்களிடமும் தாங்கள் வந்த கதை இருக்கிறது. தோடர்கள் சொல்வது இது. ஆதியில் ஒரு தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தது. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு முதல் தோடர் வெளியே வந்தார். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் இந்த மண்ணுக்குள்ளிருந்தே வந்தவர்கள். நாங்கள் ஒரு கையை விட்டுவிட்டு வந்தவர்கள். அப்புறம் யோசித்தால், அவர்களும் நாங்களும் பிள்ளைக்கு முதலில் சொல்வது ஒன்றைத்தான்: எதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தோம் என்று.

ஆனால் நான் என் பிள்ளைக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

இங்கே வந்து பள்ளியில் சேர்ந்ததும் நான் கோச்சி என்றால் சிரித்தார்கள், காம்பரா என்றால் சிரித்தார்கள். சிலோன்காரி என்பதே என் பெயராகிவிட்டது. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக விட்டேன். பாட்டியின் கதைகளையும் கூடவே விட்டேன். பிறகு முப்பது வருஷம் அங்கன்வாடியில் வேலை. காக்கா கதை, நரி கதை, முயல் கதை என்று பிறத்தியார் பிள்ளைகளுக்கு எத்தனையோ சொன்னேன். பணியர் என்ற பழங்குடி வீட்டுக் குழந்தை ஒன்று. வீட்டில் பேசும் மொழி வேறு என்பதால் வந்த நாளிலிருந்து வாயே திறக்காது. ஒருநாள் கதை நடுவே அதனிடமிருந்து முதல் சத்தம் வந்தது. "உம்" என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மகளுக்குச் சோறு போட்டேன், தலை வாரினேன், தூங்க வைத்தேன். ஒப்பாரி கோச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளையும் யாராவது சிலோன்காரி என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம்.

மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் போனில் கேட்டாள்: "அம்மா, எல்லாரும் சொந்த ஊர் எதுன்னு கேக்கறாங்க. நாம எந்த ஊரு?" அவளுக்கு 24 வயது. அதுவரை அவள் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். நான்தான் அவளை உம் கொட்ட விடவில்லை.

கைபேசி வந்ததால் கதை போய்விட்டது என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கைபேசி வருவதற்கு வெகு நாள் முன்பே போய்விட்டது. என்னைப் போலப் பெரியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடியதால் போனது. எஸ்டேட்டுகளில் இன்னும் எத்தனையோ வீடுகளில் அது மூடியே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சரி, இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன பொங்கலுக்கு மகள் பேரனோடு வந்திருந்தாள். ஆறு வயது. விளக்கை அணைத்ததும் தேங்காய், மாசி கதையை எடுத்தேன். மகளும் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் விடாமல் உம் கொட்டினான். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "அவங்க தோண்டிப் பாத்தாங்களா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதே வயதில். பாட்டி சொன்ன பதிலையே அவனுக்கும் சொன்னேன். பாட்டியின் அம்மா அப்போது சின்னப் பெண். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே, இருட்டுகிற நேரத்தில், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு தூரடியில் உட்கார்ந்து கையாலேயே தோண்டினாராம். முழங்கை அளவு தோண்டினாராம்.

"உம்?" என்றான்.

வேர்தான் இருந்தது என்றேன்.

வணக்கம்.