ஒண்டிக்கடை வருவதற்குள் சொல்லுங்கள்

(சேலத்தில் ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையேற்றிருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் துறைத்தலைவர் ஐயா அவர்களே, என்னைப் பற்றி உண்மைக்குச் சற்று மேலாகவே சொல்லிவிட்ட வரவேற்புரையாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக ஒரு கூடை மல்கோவா தந்த ஆய்வு மாணவர்களே, கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பழியை மாம்பழத்தின் மேல் போடுங்கள். என் கவனம் அங்கேதான் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரையை அமைப்பது பற்றி ஐந்து விஷயம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் என் அம்மாவின் பழமொழி: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். தரவுதான் சட்டி, கட்டுரை வெறும் அகப்பை. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் 1953இல் நேச்சர் இதழில் சொன்ன கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் சட்டியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் போட்ட அரிசியும், அதாவது அவருடைய எக்ஸ் கதிர்த் தரவும், இருந்தது என்பது தனிக்கதை.

முதல் விஷயம், பகுதிகள். பெரும்பாலான அறிவியல் இதழ்கள் கேட்பது நான்கு: அறிமுகம், ஆய்வு முறை, முடிவுகள், விவாதம். அறிமுகம் சிந்துவெளியில் தொடங்க வேண்டியதில்லை. இதுவரை தெரிந்தது என்ன, எங்கே இடைவெளி, என் கேள்வி என்ன, அது போதும். ஆய்வு முறையைப் படித்து இன்னொருவர் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். முடிவுகளில் கண்டதை மட்டும் வையுங்கள்; அதற்கு என்ன பொருள், அதன் குறை என்ன என்பதெல்லாம் விவாதத்தில்.

இரண்டாவது, எழுதும் வரிசை. படிக்கும் வரிசையில் எழுதாதீர்கள். அட்டவணைகளை முதலில் போடுங்கள். அப்புறம் முறை, முடிவுகள், விவாதம், அறிமுகம். சுருக்கமும் தலைப்பும் கடைசியில்.

இதை நான் கற்றது பேருந்தில். இளம் விரிவுரையாளனாக ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப்பழம் பறிப்பவர்களிடம் விவரம் திரட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அடிவாரத்தில் ஏறிய பெரியவர் ஒருவர், என் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்து, "என்ன தம்பி எழுதறீங்க?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். இந்தியாவுக்குக் காபி வந்த கதை, மலைக்கு வந்த கதை, முந்தைய ஆய்வாளர்கள் என்று போகிறது. இருபது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டு முடிந்துவிட்டது. நான் இன்னும் முன்னாய்வில். முன் இருக்கை அம்மா ஜன்னல் பக்கம் வாந்தி எடுக்கிறார், அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு மறுபடி விட்ட இடத்தில் தொடங்குகிறேன். பதினெட்டாவது வளைவில் பெரியவர் பொறுமை இழந்தார். "அதெல்லாம் சரிங்க தம்பி, என்னதான் கண்டுபுடிச்சீங்க?"

"எடை போடும் இடம் தூரமாக இருந்தால் பறிக்கும் கிலோ குறைகிறது."

"இதை அடிவாரத்துலயே சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தூங்கியிருப்பேனுங்க. எங்களுக்குத் தெரிஞ்சதுதானே!"

பேருந்தே சிரித்தது. மலை மேலே ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கும்போது அவர் மறுபடி திரும்பினார். "அது அச்சுல வந்தா எங்களுக்கும் ஒண்ணு குடுப்பீங்களா? எடைக்காரன்கிட்டக் காட்டணும்."

அச்சில் வந்தது, ஆங்கிலத்தில். இதழின் பெயர் வேண்டாம். அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அதனால்தான் எந்த மேடை கிடைத்தாலும் இதைச் சொல்கிறேன், தலைவர் பொறுத்தருள வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்றேனே, அந்தச் சட்டியை நிரப்பியவர் யார்? ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், ஏற்காட்டு மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்கள் இலைக்கு ஒரு கரண்டி வேண்டாமா? ஒவ்வோர் ஆய்வேட்டோடும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் இருக்க வேண்டும்; அது விவரம் தந்த ஊரின் நூலகத்துக்குப் போக வேண்டும். இதுதான் எங்கள் மனு.

மூன்றாவது, இதழைத் தேர்ந்தெடுப்பது. நம்பகமான இதழ்கள் இவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலும் கைவிடப்பட்டுவிட்டது, இனி நீங்களேதான் விசாரிக்க வேண்டும். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் பதில் போடாதீர்கள். நான்காவதும் ஐந்தாவதும், மேற்கோள் முறையும் மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதுவதும். துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவரே பிற்பகலில் சொல்வார்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் வழிதான். பேனா நூலகர் ஐயாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். வணக்கம்.