ஸ்கேட்போர்ட் விற்காதவர்கள் எல்லாம் ஏன் ஸ்கேட்போர்டைக் காட்டுகிறார்கள்? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"தம்பி, என் மகனுக்கு ஒன்பது வயது. குளிர்பானம், சப்பாத்து, போன் என்று எந்த விளம்பரம் வந்தாலும் அதில் ஒரு பெடியன் ஸ்கேட்போர்டில் போகிறான். இவனும் தனக்கு வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். புறக்கோட்டையில் மலிவாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அது உருளவே மாட்டேன் என்கிறது. ஸ்கேட்போர்ட் விற்காதவர்கள் எல்லாம் ஏன் இதைக் காட்டுகிறார்கள்? இப்போது விரலால் விளையாடுகிற குட்டிப் போர்டும் கேட்கிறான். அது வீண் செலவா?"

நல்ல கேள்வி அக்கா. விளம்பரம் எடுப்பவரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அவருக்குக் கிடைப்பது முப்பது விநாடி, சில நேரம் பதினைந்து. அதற்குள் இளமை, வேகம், யாருக்கும் அடங்காத குணம் எல்லாவற்றையும் வசனம் இல்லாமல் காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் வயது வேண்டும், லைசன்ஸ் வேண்டும், ஹெல்மெட் போட்டால் முகம் மறையும். கால்பந்து என்றால் மைதானமும் இருபத்திரண்டு பேரும் வேண்டும். ஸ்கேட்போர்டுக்கு ஒரு ஆளும் ஒரு வீதியும் போதும். எல்லாவற்றையும் விட, இரண்டு கையும் சும்மா இருக்கின்றன. ஒரு கையில் சோடாப் போத்தலைக் கொடுக்கலாம், போனைக் கொடுக்கலாம். முகமும் தெரியும், சப்பாத்தும் தெரியும். பொருளைக் காட்டுவதற்கு இதைவிட வசதியான வாகனம் இல்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1965 மே மாதம் அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகை அட்டையில் பாட் மக்கீ என்ற இளம் பெண் ஸ்கேட்போர்டின் மேல் தலைகீழாகக் கையில் நிற்கும் படத்தைப் போட்டது. உள்ளே இருந்த கட்டுரை இதை மோகம் என்றும் சொன்னது, தொல்லை என்றும் சொன்னது. அந்த இரண்டு பார்வையும் இன்றுவரை ஒன்றாகவே வருகின்றன. வீதியில் ஓடினால் காவலாளி விசில் ஊதுவார், அதே பெடியனை விளம்பரத்தில் பார்த்தால் எல்லோருக்கும் பிடிக்கும்.

இந்த இரட்டை வேடத்தையே விளம்பரமாக்கியது நைக்கி. 1990களின் பிற்பகுதியில் அவர்கள் சில விளம்பரங்கள் எடுத்தார்கள். கோல்ஃப் ஆடுபவர்களையும், டென்னிஸ் ஆடுபவர்களையும், காலையில் ஓடுபவர்களையும் பொலிஸ் துரத்துகிறது. எல்லா விளையாட்டு வீரர்களையும் ஸ்கேட்போர்டர்களைப் போல நடத்தினால் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. நான் பார்த்த ஸ்கேட்போர்ட் விளம்பரங்களில் கெட்டிக்காரத்தனமானது இதுதான். ஆனால் ஸ்கேட்போர்டர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, உடனே நைக்கி சப்பாத்துக்கு மாறவில்லை. 2002இல் தனிப் பிரிவு ஒன்று தொடங்கி, சின்னச் சின்ன ஸ்கேட் கடைகள் வழியாக வந்த பிறகுதான் அந்த நிறுவனத்தை உள்ளே விட்டார்கள்.

இனி, உங்கள் மகனோடு இருந்து விளம்பரம் பார்க்கும்போது விளையாட இரண்டு விஷயம் சொல்கிறேன். முதலாவது, நடிகர் போர்டை எப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று கவனியுங்கள். அடியில் சில்லுகளைப் பிடிக்கும் உலோகப் பகுதி இருக்கிறதே, அதற்கு ட்ரக் என்று பெயர். அந்த ட்ரக்கைப் பிடித்துப் போர்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால், ஸ்கேட்போர்டர்கள் அதை 'மால் கிராப்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஷொப்பிங் மாலுக்குப் படம் காட்ட வந்தவன் என்று அர்த்தம். இரண்டாவது, ஆள் போர்டில் ஏறும்போது வெட்டு விழுகிறதா என்று பாருங்கள். முகம் ஒரு ஷொட்டில், கால் இன்னொரு ஷொட்டில் என்றால் கால் வேறு ஆளுடையதாக இருக்கலாம். சினிமாவிலும் இதேதான். 1985இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகன் போர்டில் தப்பி ஓடுகிற காட்சிக்கு பெர் வெலிண்டர் என்ற உண்மையான ஸ்கேட்போர்ட் வீரரும் டூப் போட்டிருக்கிறார்.

விளம்பரம் வெட்டி எறிகிற முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது அக்கா: விழுவது. ஒரு பெடியன் படிக்கட்டு தாண்டிப் பாய்வதை மூன்று விநாடி காட்டுவார்கள். அதற்கு முன் அவன் எத்தனை தடவை முழங்கை உரசி விழுந்தான் என்பது எடிட்டிங் மேசையிலேயே போய்விடும். போதாததற்கு, கமராவை நிலத்தோடு வைத்து, காட்சியை வளைத்து அகலமாகக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் போட்டு எடுப்பார்கள். நான்கு படி பார்வைக்கு எட்டுப் படி போல் தெரியும். அந்தக் கமராக் கோணம் ஸ்கேட்போர்டர்கள் தாங்களே எடுத்த காணொளிகளிலிருந்து வந்தது, விளம்பரக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

விழுவதைக் காட்டினால் சுவாரசியம் குறையும் என்று நினைக்கிறார்கள் போல. டோனி ஹோக் என்ற அமெரிக்க ஸ்கேட்போர்ட் வீரரின் கதை அதற்கு நேர் எதிர். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில், காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் 900 என்ற வித்தையை முதன்முதலில் செய்தவர் அவர். நேரம் முடிந்தும் விடாமல், விழுந்து விழுந்து எழும்பி, கடைசியில் இறங்கினார். சனம் வாய் பிளந்து பார்த்தது அந்த விழுகைகளைச் சேர்த்துத்தான். அதே வருடம் செப்டெம்பரில் அவர் பெயரில் பிளேஸ்டேஷன் விளையாட்டு வந்தது. அதில் விழுந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் புள்ளி போகும், இரண்டு விநாடியில் எழும்பி நிற்பான். அருமையான கேம், நானும் விளையாடியிருக்கிறேன். ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு, விழுந்தால் வலிக்காத ஸ்கேட்போர்டிங்தான் முதலில் அறிமுகமானது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது கொஞ்சம் மாறியது என்று நினைக்கிறேன். பெண்கள் ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்ட் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வென்றவர்களுக்கு வயது 13, வெண்கலம் வென்றவருக்கு 16. அவர்கள் விழுவதும் எழும்புவதும் நேரலையில் வந்தன, வெட்ட முடியவில்லை. எங்கள் மொழிப் பக்கமாகப் பார்த்தால், ஸ்கேட்போர்ட் ஓட்டும் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது. மகனுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள், விளம்பரத்தை விடப் பிடிக்கும்.

விளம்பரமே எடுக்காமல் விளம்பரம் ஆன சம்பவமும் உண்டு. 2020இல் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு தொழிலாளியின் வண்டி வழியில் நின்றுவிட்டது. மனிதர் நீளமான போர்டில் ஏறி, போத்தலில் கிரான்பெரி ஜூஸ் குடித்துக்கொண்டு, பாட்டுக்கு வாயசைத்தபடி வேலைக்குப் போனார். அந்த டிக்டொக் உலகம் முழுக்கப் போனது. அந்த ஜூஸைத் தயாரிக்கும் ஓஷன் ஸ்ப்ரே நிறுவனம் அவருக்கு ஒரு புது வண்டியே கொடுத்தது. காசு கொடுத்து எடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இனி விளையாட்டுச் சாமான். விரல் போர்டு வீண் செலவு இல்லை. 1985இல் வந்த ஒரு ஸ்கேட்போர்ட் காணொளியில் லான்ஸ் மவுண்டன் என்ற வீரர் தானே செய்த குட்டிப் போர்டை விரலால் ஓட்டிக் காட்டினார். 1990களின் கடைசியில் டெக் டெக் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. உண்மையான நிறுவனங்களின் படங்களையே அதில் அச்சடித்தார்கள். பெரிய போர்டின் பின் பக்கத்தை அடித்து எழுப்புகிற அசைவை விரலால் பழகலாம். வலிக்காது, கீழ் வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். சோற்று மேசையில் ஓட்டுவான், அது மட்டும்தான் பிரச்சினை.

புறக்கோட்டையில் வாங்கிய பெரிய போர்டுக்கு வருவோம். அடியைத் திருப்பிப் பாருங்கள். ட்ரக் பிளாஸ்டிக்காக இருந்தால், அது போர்டு மாதிரிச் செய்த விளையாட்டுச் சாமான்தான். சில்லைத் தட்டிவிடுங்கள், ஒன்றிரண்டு சுற்றிலேயே நின்றால் உள்ளே நல்ல பேரிங் இல்லை. ஏறி நின்று ஒரு பக்கம் சாய்ந்தால் போர்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு ட்ரக்கின் நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். நல்ல போர்டின் பலகை பெரும்பாலும் ஏழு அடுக்கு மேப்பிள் மரம், சில்லு பொலியூரித்தேன். மலிவானதில் சில்லு கடினமான பிளாஸ்டிக். அது கொழும்பு நடைபாதைக் கல்லில் ஒரு சின்னக் கல் பட்டாலே நின்றுவிடும், பிள்ளை முன்னால் போய் விழும். அந்தப் போர்டில் உங்கள் மகனால் ஓட முடியாமல் போனது அவனுடைய பிழை இல்லை என்று முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் மூன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழகுவதற்கு மரைன் டிரைவ் வேண்டாம், வாகனம் நிற்காமல் ஓடும் இடம். உங்கள் தொடர்மாடியின் கீழே கார் நிறுத்துமிடம் பகலில் காலியாக இருக்கும்தானே, காவலாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்த கேள்வி.