திராட்சை வாசம் வீசும் தட்டு

நேயர்களுக்கு வணக்கம். கண்ணைக் கெடுக்கும் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கருவிழிப் புண்ணிலிருந்து சுரண்டியதைத் தட்டில் தீற்றி வைத்தால், மறுநாள் மூடியைத் திறக்கும்போதே சில நாள் திராட்சை வாசம் வரும். தட்டு பச்சை பூத்திருக்கும். வாசம் இனிமைதான், எனக்கென்னவோ வயிற்றைக் கலக்கும். அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. கான்டாக்ட் லென்ஸோடு தூங்குகிறவர்களை அடிக்கடி பிடிப்பது இதுதான்.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதை ஓரிரு நாளில் ஓட்டை போட இந்தக் கிருமியால் முடியும். அதனிடம் ஊசி போன்ற ஒரு குழல் இருக்கிறது. நம் செல்லில் செருகி நஞ்சை உள்ளே இறக்கும். எக்ஸோ-யூ என்ற மரபணு இருந்தால் அந்த நஞ்சு செல்லின் சவ்வையே அரித்துவிடும். எக்ஸோ-எஸ் உள்ளது வேறு ரகம். செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். பெரும்பாலும் ஒரு கிருமியிடம் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

நாங்கள் தரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இதெல்லாம் வராது. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது, அவ்வளவுதான். "எல்லா மருந்தும் கேட்கும்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் பார்வை மங்கிப்போச்சு?" என்று நோயாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருந்து கிருமியைக் கொன்றது. அதற்குள் விழுந்துவிட்ட தழும்பை மருந்தால் அழிக்க முடியாது.

மருந்துக்கும் அடங்காவிட்டால்? 2023-ல் அமெரிக்கா அதைப் பார்த்தது. கண் வறட்சிக்குப் போடும் செயற்கைக் கண்ணீர், சென்னைக்கு அருகே தயாரானது, கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காதது. அதோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்று 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 14 பேருக்குப் பார்வை பறிபோனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். அந்தச் சூடோமோனாஸிடம் விம் என்ற மரபணு இருந்தது. VIM என்ற அந்தச் சுருக்கப் பெயரின் முதல் எழுத்து இத்தாலியின் வெரோனா நகரைக் குறிக்கும். கடைசிக் கைக்கு வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் நொதியை அது தயாரிக்கிறது. இத்தகைய மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும்.

அதனால் கண் சிவந்து வருகிறவர்களிடம், வீட்டில் போட்ட சொட்டு மருந்தையும் கொண்டுவரச் சொல்கிறோம். ஒரு அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். திறந்து மூன்று மாதமாம்; முனையில் ஒரு இமைமுடி ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து எடுத்ததை ஒரு தட்டிலும் குப்பியிலிருந்து எடுத்ததை இன்னொன்றிலும் தீற்றினேன். காலையில் இரண்டுமே பச்சை.