தெருவோரத்து நாலடி நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் நினைவுக்கு வரும். அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரத்துப் பிரெஞ்சுப் பகுதி. நான் பேச வந்தது வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் தெருக்களைப் பற்றி.

கிழக்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கியிருக்கும். மேற்கே வீடு தெருவுக்கே வந்துவிடும். முதலில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்போடு தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் யாரும் அங்கே ஒதுங்கலாம். அதையொட்டித் திண்ணை. கதவைத் தாண்டினால் முற்றம். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் ஒரு வீட்டு நிழல் முடியுமுன் அடுத்த வீட்டு நிழல் தொடங்கிவிடும். சில வீடுகளில் மாடி மட்டும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். வளைவு சன்னலும் சுதை வேலையுமாக, கீழ்த்தளத்தின் மரத்தூண்களோடு அது அத்தனை இயல்பாகப் பொருந்தும்.

இப்போது அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். பாகப்பிரிவினையில் வீடு இரண்டாகிறது, மூன்றாகிறது. முற்றம் அறையாகிறது. கடைசியில் எல்லாம் இடிபட்டு அடுக்குமாடி எழும்புகிறது. அதன் கீழ்த்தளம் வண்டி நிறுத்துமிடம். நடப்பவர் கண்ணுக்கு எதிரே இருப்பது இரும்புக் கேட் மட்டும்தான். தப்பிய வீடுகளிலும் திண்ணை விளிம்பில் யாரும் உட்காரக் கூடாதென்று சிமென்ட்டில் கம்பி முனைகளைப் பதித்திருக்கிறார்கள். கோலம் போட்ட இடத்தில் பைக் ஏற்றும் சரிவு. இதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறுவதில்லை.

வீட்டுக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மரமும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பழுது பார்ப்பது செலவு, கைதேர்ந்த கொத்தனாரும் எளிதில் கிடைப்பதில்லை. மனையின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் வழி இருக்கிறது என்பதற்கு இந்தத் தமிழர் பகுதியின் வைசியாள் வீதியே சாட்சி. 2000-களின் தொடக்கத்தில், பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. அந்தப் பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதைப் பெற்றது.

அப்புறம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பழமை என்ற பெயரில் முகப்புக்கு மட்டும் வண்ணமடித்து, உள்ளே விடுதியாக்கும் வழக்கம் பெருகுகிறது. இடிப்பதற்கு அது எவ்வளவோ மேல், சரி. ஆனால் தாழ்வாரத்தில் சங்கிலி கட்டி, விருந்தினருக்கு மட்டும் என்று பலகை வைத்துவிட்டால் அந்தத் தெரு பாதி அழகை இழந்துவிடுகிறது. பூ விற்பவரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்கும்போதுதான் அந்தத் தூண்களுக்கு அழகு.

மேற்குத் தெருக்களில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எத்தனை மாடி வேண்டுமானாலும் சட்டப்படி எழுப்புங்கள். உங்கள் மனையில் தெருவோரமாக நாலடி விட்டு ஒரு சாய்ப்பு இறக்குங்கள், அதற்குப் பூட்டுப் போடாதீர்கள். கான்கிரீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. நகராட்சியும் அந்த நாலடியை, மனையில் கட்டாமல் விட வேண்டிய திறந்தவெளிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அப்படி விடுபவருக்கு வீட்டு வரியில் கொஞ்சம் சலுகை தரட்டும்.

நன்றி, வணக்கம்.