கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றலாமா?

வணக்கம் நேயர்களே. போன மாதம் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் அக்கா வந்தார். ஆட்டோமேட்டிக் கார், பத்து வயது, 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. “தம்பி, வாங்கின இடத்துல ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னாங்க. பக்கத்து வீட்டுக்காரர், மாத்தினா கியர்பாக்ஸே போயிடும்ங்கிறார். நான் என்ன பண்றது?” என்று கேட்டார். இதே கேள்வியோடு வாரம் ஒருவராவது வருகிறார்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன வகை கியர்பாக்ஸ் என்று பாருங்கள். ஏ.எம்.டி என்றால் அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஒரு மோட்டார் மாற்றுகிறது, அவ்வளவுதான். அதற்குச் சாதாரண கியர் ஆயில். சி.வி.டி என்பது கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுவது, அதற்கென்றே தனி ஆயில் உண்டு. வேறு வகை ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள்.

அக்காவுடையது டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம் வைத்த பழைய முறை ஆட்டோமேட்டிக். இதில் ஆயில் வெறும் மசகு இல்லை. இன்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்துவதும், கியரை மாற்றும் அழுத்தத்தைத் தருவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். கத்திப்பாரா நெரிசலில் வண்டி ‘டி’-யில் இருக்க, பிரேக்கை மிதித்தபடி ஊர்ந்து போகிறோமே, அப்போது கன்வெர்ட்டருக்குள் இந்த ஆயில்தான் கடைபட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் அது கெடுகிறது. அதனால் ஆயுசுக்கும் வேண்டாம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது.

சரி, மாற்றினால் போய்விடும் என்கிறார்களே? கியர் வழுக்க, அதாவது இன்ஜின் உறுமியும் வண்டி வேகம் எடுக்காமல் போக, ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயில் மாற்றவே வருகிறார்கள். உள்ளே கிளட்ச் தட்டுகள் ஏற்கனவே தேய்ந்து கருகியிருக்கும். மாற்றிய பத்தாம் நாள் வண்டி நின்றுவிட்டால் பழி புது ஆயில் மேல் விழுகிறது.

அக்கா வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டேன். புது ஆயில் செக்கச்செவேல் என்று இருக்கும். இது டீ டிகாஷன் நிறத்தில் பரவியது. ஆனால் தீய்ந்த வாடை இல்லை, ஓட்டிப் பார்த்ததில் வழுக்கலும் இல்லை. இப்படி இருந்தால் தயங்காமல் மாற்றலாம். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கியர்பாக்ஸைச் சோதித்த பிறகே பேச்சு. வெளிறிய ரோஸ் நிறத்தில் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஓட்டவே கூடாது.

பழைய வண்டிக்கு மெஷின் வைத்து அலசுவதை நான் செய்வதில்லை. அடியில் வடித்துவிட்டு, வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றுவேன். அளவு சரியா என்பதைப் புத்தகத்தில் சொன்ன சூட்டில் பார்க்க வேண்டும். அக்கா வண்டியில் கியர்பாக்ஸின் அடித்தட்டை (ஆயில் பான்) கழற்றியபோது அதிலிருக்கும் காந்தத்தில் மை போல மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். இரும்புத் துணுக்கு இருந்திருந்தால் கதை வேறு.

வடித்தால் பாதி ஆயில்கூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் இன்னொரு முறை வடித்து ஊற்ற, அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.