விலைப்பட்டியலில் காணாமல்போன வரி: எச்டிஎம்எல் சிறப்புக் குறிகள்

திரை: தேக்கா பக்கம் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் இணைய விலைப்பட்டியல்.

குரல்: "5 வெள்ளிக்குக் கீழ்" என்பதைச் சுருக்கி <$5 என்று போட்டிருக்கிறார்கள். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எழுதிய இந்தப் பக்கம் ஒழுங்காகவே தெரிகிறது. பிறகு ஒருவர், சிங்கப்பூர் வெள்ளி என்று தெளிவாக இருக்கட்டுமே என்று டாலர் குறிக்கு முன்னால் ஆங்கில 'எஸ்' எழுத்தைச் சேர்க்கிறார். அவ்வளவுதான். விலையும், அந்தப் பத்தியில் அதற்குப் பின்னால் இருந்ததும் போய்விட்டன.

< குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் பிரௌசர் அதை ஒரு டேக்கின், அதாவது பக்கத்தை எப்படி அமைப்பது என்று சொல்லும் கட்டளையின், தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். அடுத்த > வரும்வரை இருப்பதை எல்லாம் விழுங்கிவிடும். இலக்கமோ டாலர் குறியோ தமிழ் எழுத்தோ ஒட்டி வந்தால் அப்படிச் செய்யாது. தமிழ்ப் பக்கங்களில் இந்தப் பிழை நெடுநாள் பதுங்கியிருப்பது இதனால்தான். தமிழை மட்டும் போட்டுச் சோதித்தால் அகப்படவே அகப்படாது. இதைத் தவிர்க்க, சிறப்புக் குறிகளை நேரடியாகப் போடாமல், அவற்றுக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்.

திரை: < என்பது &#60;
> என்பது &#62;
& என்பது &#38;
" என்பது &#34;
' என்பது &#39;

குரல்: நடுவில் இருப்பது அந்தக் குறியின் யூனிகோட் எண், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகப் பொதுவாகக் கொடுத்திருக்கும் எண். கடைசி அரைப்புள்ளியை விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு, பக்கத்திலேயே 5 வந்தால் அது &#605 ஆகிவிடும்; பிரௌசர் 605ஆம் எண்ணுக்கு உரிய, சம்பந்தமே இல்லாத எழுத்தைக் காட்டும்.

நீங்களே நிரல் எழுதி மாற்றுவதாக இருந்தால் & குறியை முதலில் மாற்றுங்கள். கடைசியில் மாற்றினால், ஏற்கெனவே மாற்றிய &#60; மறுபடி சிக்கி &#38;#60; ஆகும். வாசகருக்கு < தெரியாது, &#60; என்ற எண்தான் தெரியும். மாற்றியதை டேட்டாபேஸில் சேமித்து, காட்டும்போது திரும்பவும் மாற்றினாலும் இதே கதிதான். டேட்டாபேஸில் உள்ளதை உள்ளபடி வையுங்கள். பக்கத்தில் எழுதும் நேரத்தில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள்.

திரை: பதிவுப் படிவம், பெயர்க் கட்டத்தில் டி'சூசா.

குரல்: கட்டத்தின் மதிப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் இந்தப் பெயர் 'டி'யோடு நின்றுவிடும். அதே ஓட்டை வழியாக வெளியாள் ஒருவர் தன் ஸ்கிரிப்டையும், அதாவது பக்கத்தில் ஓடும் நிரலையும், நுழைக்கலாம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். பிஎச்பி என்ற நிரல்மொழியில் இந்தக் குறிகளை மாற்றித் தரும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன், 8.1க்கு முந்தைய பதிப்புகளில், தனியாகக் கேட்டால்தான் ஒற்றை மேற்கோளை மாற்றும். 'இன்னாரின் மகன்' என்று காட்ட நம் பெயர்களில் வரும் 'எஸ்/ஓ'வில் உள்ள சாய்கோட்டால் தொல்லை இல்லை.

திரை: &#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

குரல்: இது 'தமிழ்' என்ற சொல். எண்களாக எழுதினால் 35 பைட். யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் நேரடியாக எழுதினால் 15 பைட்தான். தமிழை இப்படி மாற்றவே வேண்டாம். எழுத்துகள் உடைந்து தெரிந்தால், கோப்பு யூடிஎஃப்-8இல் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்றும், அதை அறிவிக்கும் மெட்டா டேக் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.