ஆட்டைச் சந்தைக்கு ஓட்டி வந்தவர் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பெரும் செல்வந்தர் ஒருவர் பழைய கட்சிகளை எதிர்த்துக் கிளம்பும்போது எளிய மக்கள் அவர் பின்னால் போகிறார்களே, அதற்குக் காரணம் மக்களின் மயக்கமா, ஆட்சியாளர்களின் அலட்சியமா என்பது இன்றைய தலைப்பு. அலட்சியமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர், "ஆடு கசாப்புக் கடைக்காரனைத்தான் நம்பும்" என்ற பழமொழியைச் சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கினார். அந்தக் கைதட்டலில் நான் சேரவில்லை. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். எந்த ஆடும் தானாக நடந்து கசாப்புக் கடைக்குப் போனதை நான் பார்த்ததில்லை. கட்டுத்தறியில் கயிற்றை அவிழ்ப்பவர் அதன் சொந்தக்காரர். சந்தை வரைக்கும் ஓட்டி வருபவரும் அவரே. அங்கே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போர்த்தி, துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறவரும் அவரே. பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்கு அந்தத் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பேராசிரியர் கசாப்புக் கடைக்காரரைப் பற்றி நிறையப் பேசினார். விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆகவே அவரைப் பற்றி நான் பேசுகிறேன்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் 1992-இல் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றி 1994-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன். மேடையில் எதிரெதிரே நின்று சண்டையிட்ட இரு கட்சிகளும் துண்டுக்குள்ளே ஒரே விரலைத்தான் பிடித்திருந்தன. 2001-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேலாக இருந்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள், பத்தே ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் கீழே இறங்கின. இயந்திரங்களும் காரணம், 2008-இல் வந்த நிதி நெருக்கடியும் காரணம் என்று பொருளியல் அறிஞர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடியின்போது நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிட நாடாளுமன்றம் சில வாரங்களில் அனுமதி கொடுத்தது. தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் யாரும் ஓடி வரவில்லை.

2016-இல் டிரம்புக்கு வெற்றியைத் தேடித் தந்தவை மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்கள். மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80,000 வாக்குகளுக்கும் குறைவு. இந்த மூன்றும் 2008-இலும் 2012-இலும் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தவை என்பதைப் பேராசிரியர் மறந்துவிட்டார். அங்கே இரண்டு முறை ஒபாமாவுக்கு வாக்களித்துவிட்டு மூன்றாம் முறை டிரம்புக்கு வாக்களித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். முந்தைய இரண்டு தேர்தல்களிலும் தெளிந்த அறிவோடு இருந்தவர்கள் மூன்றாவதில் மட்டும் மயங்கிப் போனார்களா? ஒருவரிடம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, அடுத்தவரிடம் போனார்கள். வாக்குச் சீட்டைத் தவிர வேறு கருவி இல்லாதவர்கள் வேறென்ன செய்ய முடியும்?

இங்கே என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், கதையைச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். அவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் பொள்ளாச்சி வட்டத்தில். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், நம் கேரளத்தில். பிறந்த ஊர்ச் சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ரேஷன் அட்டையில் தாத்தா பெயரின் முதலெழுத்து. தாத்தா காலமான பிறகு விதவை ஓய்வூதியத்துக்கு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்பதற்கு 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். எல்லையோரத்தில் அந்தச் சான்றிதழுக்கு அலையாத குடும்பம் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கை தூக்குங்கள். அம்மாயி மலையாளம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. படிவமோ மலையாளத்தில். அந்த வாசலிலேயே பல காலைகள் போயின. இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்; என் மாமாவிடம் பேசிவிட்டு, சின்னம் அச்சிட்ட சீட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் திண்ணையில்தான் அம்மாயி உட்கார்ந்திருப்பார்.

அந்த ஊராட்சித் தேர்தலில் அரிசி மில்லும் லாரிகளும் வைத்திருந்த ஒருவர் சுயேச்சையாக நின்றார். அவர் எங்கள் திண்ணையில் அம்மாயிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டார். மறுநாளே தம் கணக்கப்பிள்ளையை அனுப்பி மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தார். அம்மாயி அவருக்கே வாக்களித்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். இன்று பேராசிரியர் பேசியதையே அன்று நான் பேசினேன். "அவர் பணக்காரர் அம்மாயி, உங்களுக்கு என்ன செய்துவிடப் போகிறார்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "மில்லுல அரவக்கூலி ஒரு ரூவா குறைக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? இத்தன நாள் அந்த வாசல்ல நின்னேன், ஒருத்தரும் உக்காருன்னு சொல்லல. அவரு நம்ம திண்ணையில வந்து உக்காந்தாரு."

நடுவர் அவர்களே, அந்தப் பதிலின் முதல் வரியை மறுபடியும் சொல்கிறேன். அரவைக் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பது அம்மாயிக்குத் தெரியும். அந்த மில்லில் ஆண்டுக்கணக்காக நெல் அரைத்தவர் அவர். மில்காரருடைய தராசும் தெரியும், தவிட்டைத் தாமே எடுத்துக்கொள்ளும் வழக்கமும் தெரியும். எல்லாம் தெரிந்தேதான் வாக்களித்தார். ஓய்வூதியம் வந்ததா என்று கேட்பீர்கள். தேர்தல் முடியும்வரை வரவில்லை. ஆனால் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை வாரந்தோறும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அம்மாயியிடம் வந்து சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. இதற்குப் பெயர் மயக்கமா?

தாய்லாந்துக்கு வாருங்கள். தொலைத்தொடர்புத் தொழிலில் பெரும் பணம் ஈட்டிய தக்சின் ஷினவத்ரா 2001-இல் ஆட்சிக்கு வந்தார். ஒரு முறை மருத்துவம் பார்க்க அந்நாட்டு நாணயத்தில் 30 பாட் மட்டும் என்ற திட்டத்தைத் தொடங்கி மறு ஆண்டுக்குள் நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். கிராமத்துக்குப் பத்து லட்சம் பாட் கடன் நிதியும் தந்தார். அவருடைய குடும்பம் 2006-இல் தன் நிறுவனப் பங்குகளை ஏறத்தாழ 7,300 கோடி பாட்டுக்கு விற்றபோது அதற்கு வரி கட்டவில்லை. பாங்காக் தெருக்கள் கொந்தளித்தன. அந்தக் கோபம் நியாயமானதுதான். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று இராணுவம் அவரைக் கவிழ்த்தது. ஆனால் கவிழ்த்தவர்களாலும் அந்த மருத்துவத் திட்டத்தைக் கைவிட முடியவில்லை. இத்தனை எளிய ஒன்றை முந்தைய அரசுகள் ஏன் செய்யவில்லை என்று வடகிழக்குத் தாய்லாந்தின் நெல் விவசாயி கேட்டால், பேராசிரியரின் அணியில் யார் பதில் சொல்வார்கள்? அடுத்து வந்த தேர்தல்களிலும், 2007-இலும் 2011-இலும், அவர் தரப்புக்கே அந்த விவசாயிகள் வாக்களித்தார்கள். அதற்காக அவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'சிவப்பு எருமைகள்'. சிவப்பு, அவர்கள் அணிந்த சட்டையின் நிறம்; எருமை என்றால் அங்கே முட்டாள்.

2016 செப்டம்பரில் நியூயார்க்கில் நிதி திரட்டும் கூட்டம் ஒன்றில், எதிர்த்து நின்ற வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன், டிரம்பின் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிந்தவர்களின் கூடையில் போடலாம் என்று பேசினார். 'பாதி' என்று சொன்னதற்காக மறுநாள் வருத்தமும் தெரிவித்தார். பாங்காக்கில் எருமை. நியூயார்க்கில் கூடை. இன்று நம் கொழிஞ்சாம்பாறையில், நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் பேராசிரியர் வாயில் ஆடு. அலட்சியம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அது சற்று முன்பு இதே ஒலிபெருக்கியில் கேட்டது.

இந்தச் செல்வந்தர்களை நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. 2017-இல் டிரம்ப் நிறுவன வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காட்டுக்குக் குறைத்தார். மிச்சிகன் தொழிலாளிக்கு அதில் கிடைத்தது சொற்பம். இத்தாலியின் பிரதமராக இருந்த தொலைக்காட்சி முதலாளி பெர்லுஸ்கோனி 2013-இல் வரி மோசடி வழக்கில் தண்டனை உறுதியானவர். ஆனால் 1992-இல் மிலானில் தொடங்கிய ஊழல் விசாரணையில் பழைய கட்சிகள் வரிசையாகச் சரியாமல் இருந்திருந்தால், 1994-இல் அவருக்கு அந்தப் பிரதமர் நாற்காலி காலியாகியே இருக்காது.

நடுவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களைப் பாருங்கள். காலையில் தென்னந்தோப்பில் தேங்காய் உரித்த கைகள் அவை. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தபோது இவர்களுடைய பெற்றோரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வீடு இந்தப் பக்கம், உறவு அந்தப் பக்கம் என்று கோடு நிலைத்துவிட்டது. அதன் பிறகு வந்த தேர்தல்களிலெல்லாம் வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, விரலில் மையோடு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிய தாய்மார்கள் இவர்கள். என் அம்மாயி கடைசியாக வாக்களிக்கப் போனபோது அவரால் நடக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். வழியில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பேராசிரியர் ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. கூட்டம் முடிந்ததும் இந்த மேடையை விட்டு இறங்கி, முன்வரிசைக்குப் போய், அந்தப் பழமொழியை இந்தத் தாய்மார்களில் ஒருவரிடம் நேருக்கு நேராகச் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடிந்தால் நடுவர் உங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்கட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். வணக்கம்.